குளிர்கால முகாமுக்கு ஏற்ற உறக்கப் பையைத் தெரிவு செய்தல்

(குளிர்காலப் பாடசாலை விடுமுறைக்கு முன்னதாக, தமிழ் பேசும் குடும்பங்களுக்கென மாநகர சபை நூலக மண்டபத்தில் நடைபெற்ற தகவல் அமர்வில் நிகழ்த்தப்பட்ட உரை)



யூன் மாதத்தில் மன்னர் பிறந்தநாளை ஒட்டிய நீண்ட வார இறுதியும், யூலை மாதப் பாடசாலை விடுமுறையும் நெருங்கும்போது, மேற்குச் சிட்னியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல, காரில் கூடாரத்தை ஏற்றிக்கொண்டு நீலமலைகளை நோக்கிப் புறப்படுகின்றன. பகலில் வெயில் இதமாக இருக்கும். பிள்ளைகள் ஓடி விளையாடுவர். மாலையில் அடுப்பு மூட்டி உணவு சமைத்து, உண்டு, உறங்கச் செல்வர். நள்ளிரவு கடந்ததும் நிலை மாறிவிடும். பிள்ளை நடுங்கத் தொடங்கும்; பாட்டிக்குக் கால் விறைக்கும். அவ்வேளையில் வீட்டுப் பெரியவர் ஒருவர் எழுந்து, மாலையில் சமைத்த கரியடுப்பையோ எரிவாயு அடுப்பையோ கூடாரத்தினுள் கொண்டுவந்து வைத்தால் என்ன என்று எண்ணுவார். அன்பினால் எழும் எண்ணமே எனினும், அது உறங்கும் குடும்பம் முழுவதின் உயிரையும் பறிக்கக் கூடியது.

இன்றைய உரை, கடைகளில் ‘ஸ்லீப்பிங் பேக்’ என்று விற்கப்படும் உறக்கப் பையைத் தெரிவு செய்வது பற்றியது. நள்ளிரவில் அத்தகைய முடிவை எடுக்கும் நிலை எவருக்கும் நேராதிருக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

செல்லும் இடத்தின் குளிரை அறிதல்

யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் தை மாதத்தின் சராசரி இரவு வெப்பநிலைகூட 20 பாகை செல்சியசுக்கு மேலேயே இருக்கும். அங்கு பிறந்து வளர்ந்தவருக்கு இரவுக் குளிர் என்பது ஒரு போர்வைக்கு அடங்கும் பொருளாகும். நுவரெலியாவிலோ உதகையிலோ உறைபனி கண்டவர்களும், பெரும்பாலும் சுவர்களுக்கு நடுவே கட்டிலில் படுத்தே அதைக் கண்டிருப்பர். கூடாரத்தின் துணி காற்றையும் மழையையும் தடுக்குமேயன்றிக் குளிரைத் தடுக்காது. கூடாரத்தினுள் நிலவும் வெப்பம் வெளியே நிலவும் வெப்பத்தைவிடச் சிறிதளவே கூடுதலாக இருக்கும்.

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ள கட்டூம்பாவில், யூலை மாதத்தின் சராசரி இரவு வெப்பநிலை ஏறத்தாழ 3 பாகையாகும். சராசரி என்ற சொல்லை இங்கு ஊன்றிக் கவனிக்க வேண்டும். சராசரி 3 பாகை எனில், அதனினும் குளிர்ந்த இரவுகள் பல உண்டு என்பதே பொருள். அன்றியும், தெளிந்த வானமும் அசைவற்ற காற்றும் உள்ள இரவுகளில், குளிர்ந்த காற்று கனம் மிகுந்து சரிவுகளின் வழியே இறங்கிப் பள்ளத்தாக்கின் அடியில் தேங்கி நிற்கும். ஆற்றோரத்துச் சமதரை கூடாரம் அமைக்க அழகிய இடமாகத் தோன்றினும், மேட்டைவிட அங்கேதான் உறைபனி முதலில் படியும். ஆதலால், அருகிலுள்ள நகரின் வானிலை அறிவிப்பைப் பார்ப்பவர்கள், அதில் கூறப்படும் இரவு வெப்பநிலையிலிருந்து சில பாகைகளைக் குறைத்து எண்ணிக்கொள்வது நன்று.

கொசியஸ்கோ மலைப்பகுதியின் கதையோ வேறு. அங்குள்ள சார்லட் கணவாயில் 1994ஆம் ஆண்டு யூன் 29ஆம் நாள் பதிவான மறை 23 பாகையே அவுஸ்திரேலியாவில் இதுகாறும் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையாகும். அப்பகுதியில் குளிர்காலத்தில் பனிமீது முகாமிடுதல் பயிற்சியும் தனி உபகரணங்களும் உடையோருக்கே உரியது. முதன்முறையாக முகாமுக்குச் செல்லும் குடும்பங்கள் அதனைத் தவிர்க்க வேண்டும்.

பை வெப்பத்தை உண்டாக்குவதில்லை

உறக்கப் பை அடுப்பன்று. வெப்பத்தை உண்டாக்குவது உள்ளே படுத்திருப்பவரின் உடலே. பையின் உள்ளீட்டில் சிறைப்படும் அசைவற்ற காற்று, அவ்வெப்பம் வெளியேறும் வேகத்தைக் குறைக்கிறது, அவ்வளவே. இந்த ஓர் உண்மையிலிருந்து பல செய்திகள் தாமாகவே விளங்கும்.

முதலாவதாக, குறைந்த வெப்பத்தை உண்டாக்கும் உடலுக்குக் கூடிய காப்புடைய பை தேவை. முதியோர், மெலிந்த உடலினர், களைத்திருப்போர், இரத்த ஓட்டக் குறைபாடு உடையோர் ஆகியோர் மற்றவர்களைவிட விரைவில் குளிரை உணர்வர். இரண்டாவதாக, பை உடலின் அளவுக்கு ஒத்ததாக இருத்தல் வேண்டும். மிகப் பெரிய பையில் வீணே கிடக்கும் வெற்றிடத்தையும் உடலே சூடாக்க வேண்டியிருக்கும். மிக இறுக்கமான பையிலோ உள்ளீடு நசுங்கிக் காப்பை இழக்கும். மூன்றாவதாக, திறந்த வழிகள் அடைக்கப்பட வேண்டும். தலையை மூடும் முக்காடும், அதை இறுக்கும் கயிறும், சிப்பின் நெடுகிலும் உட்புறமாகத் தைக்கப்பட்ட தடித்த துணிப்பட்டையும் உள்ள பையே குளிர்கால இரவுக்கு உரியது.

தோள் அகன்று கால் குறுகிய வடிவிலான பையை ‘மம்மி’ வடிவம் என்பர். அது வெப்பத்தை நன்கு காக்கும். செவ்வக வடிவப் பை புரண்டு படுக்க வசதியானது. ஆனால் வெப்பத்தைக் காப்பதில் ஒரு படி தாழ்ந்தது. கால் மடக்கிப் படுக்கும் பழக்கமுடைய பெரியோர் மம்மி வடிவில் திணறக்கூடும். ஆகவே கடையிலேயே உள்ளே படுத்துப் பார்த்து வாங்குவதில் வெட்கப்பட ஏதுமில்லை.

மூன்று எண்களும் அவற்றின் பொருளும்

உறக்கப் பையின் மேல் பெரிய எழுத்தில் ‘0’ என்றோ ‘மறை 5’ என்றோ ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். அந்த வெப்பநிலையிலும் சுகமாக உறங்கலாம் என்பதே அதன் பொருள் என்று வாங்குவோர் பலர் கருதுகின்றனர். அக்கருத்து பெரும்பாலும் தவறானது. ஒப்பந்தத்தில் வரும் ஒரு சொல்லுக்கு அதன் வரைவிலக்கணத்தைத் தேடிப் பார்ப்பது போலவே, இவ்வெண்ணுக்கும் அதன் வரைவிலக்கணத்தைத் தேட வேண்டும்.

ஐரோப்பாவில் தோன்றிய இஎன் 13537 என்னும் நியமமும், பின்னர் அதன் இடத்தைப் பெற்ற ஐஎஸ்ஓ 23537 என்னும் பன்னாட்டு நியமமும் ஒரே பைக்குக் குளிர் தொடர்பான மூன்று எண்களைத் தருகின்றன.

முதல் எண், சுக நிலை. நியமம் கொள்ளும் மாதிரிப் பெண் ஒருவர், உடலைத் தளர்த்தி இயல்பாகப் படுத்துக் குளிரின்றி உறங்கத்தக்க வெப்பநிலை இது.

இரண்டாம் எண், எல்லை நிலை. நியமம் கொள்ளும் மாதிரி ஆண் ஒருவர், உடலைக் குறுக்கிச் சுருண்டு படுத்து, எட்டு மணி நேரம் விழிக்காமல் உறங்கத்தக்க வெப்பநிலை இது.

மூன்றாம் எண், உச்ச நிலை. மாதிரிப் பெண் ஒருவர் குளிரால் உயிரிழக்காமல் ஆறு மணி நேரம் தாக்குப்பிடிக்கக் கூடிய வெப்பநிலை இது. இதில் உறக்கமும் இல்லை; சுகமும் இல்லை; உயிர் தப்புதல் மட்டுமே உண்டு. விரல்கள் உறைந்து காயமுறும் வாய்ப்புக்கூட விலக்கப்படவில்லை. இந்த எண்ணை வைத்துப் பை வாங்குதல் ஒருபோதும் கூடாது.

இனி, அந்த மாதிரி மனிதர் யார் என்று கேட்க வேண்டும். மாதிரிப் பெண் 25 வயதினர், 1.60 மீற்றர் உயரமும் 60 கிலோகிராம் எடையும் உடையவர். மாதிரி ஆணும் 25 வயதினரே, 1.73 மீற்றர் உயரமும் 73 கிலோகிராம் எடையும் உடையவர். சோதனையோ, வெப்ப உணரிகள் பொருத்திய மனித உருப் பொம்மையைக் கொண்டு குளிரூட்டிய அறையில் நடத்தப்படுகிறது. அப்பொம்மை நீண்ட கையும் காலும் உள்ள உள்ளாடையும் காலுறையும் அணிந்து, பையின் கீழே வெப்பம் காக்கும் பாய் விரித்துப் படுத்திருக்கும். பையின் மேல் உள்ள எண் அறுபத்தெட்டு வயதுப் பாட்டியை அளந்து எழுதப்பட்டதன்று. வெறுந்தரையில் படுத்தவரை அளந்து எழுதப்பட்டதுமன்று. சிறுவருக்கும் குழந்தைகளுக்குமான பைகள் இந்த நியமத்துக்கு உட்படுவனவும் அல்ல. ஆகவே சிறுவர் பையில் காணப்படும் எண், தயாரிப்பாளரின் கூற்று மட்டுமே.

நியமத்தின் பெயர் குறிப்பிடப்படாத பைகளும் சந்தையில் நிறைய உண்டு. அவற்றின் எண்ணும் தயாரிப்பாளரின் சொந்தக் கணிப்பே ஆகும்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

நால்வர் அடங்கிய ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்: நாற்பத்தைந்து வயதுத் தந்தை, நாற்பது வயதுத் தாய், பன்னிரண்டு வயது மகள், அறுபத்தெட்டு வயதுப் பாட்டி. அவர்கள் யூலை மாதத்தில் நீலமலைகளில் இரண்டு இரவுகள் தங்க விரும்புகின்றனர். வானிலை அறிவிப்பின்படி இரவு வெப்பநிலை 3 பாகை. பள்ளத்தாக்கின் குளிரையும் கருதி அதனை 0 பாகை என்று கொள்வது அறிவுடைமை.

கடையில் ‘0’ என்று அச்சிட்ட பை நான்கு, மலிவு விலையில் கிடைக்கின்றன. உள்ளே தைக்கப்பட்ட சிறிய குறிப்பைப் படித்தால், சுக நிலை 5, எல்லை நிலை 0 என்று இருக்கிறது. பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டது எல்லை நிலை. அதாவது, இருபத்தைந்து வயது ஆண் ஒருவர் சுருண்டு படுத்தால் விழிக்காதிருக்கும் நிலை. தந்தைக்கு அது ஒருவாறு போதும் எனலாம். தாய்க்குப் போதாது. பாட்டிக்கோ அது நடுக்கத்தையே தரும்.

பின்பற்றத்தக்க எளிய விதி இது: எல்லை நிலையையும் உச்ச நிலையையும் விட்டுவிட்டுச் சுக நிலை எண்ணை மட்டும் பார்க்க வேண்டும். அந்த எண், எதிர்பார்க்கும் மிகக் குறைந்த இரவு வெப்பநிலைக்குச் சமமாகவோ அதற்குக் கீழாகவோ இருக்க வேண்டும். முதியோருக்கும் குளிரை எளிதில் உணர்வோருக்கும் மேலும் 5 பாகை குறைவாக இருத்தல் நலம். அவ்வாறாயின், இக்குடும்பத்தில் தாய்தந்தையர்க்குச் சுக நிலை 0 பாகையும், பாட்டிக்குச் சுக நிலை மறை 5 பாகையும் உடைய பைகள் தேவை. மகளுக்குச் சிறுவர் பையின் எண்ணை நம்புவதைவிட, நீளம் குறைந்த பெரியோர் பை ஒன்றை வாங்கி, எஞ்சும் கால்பகுதியை மடித்துக் கட்டிவிடுவது தக்கது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையைப் பெரியோரின் உறக்கப் பையில் படுக்க வைத்தலோ, பெற்றோர் தம் பைக்குள் சேர்த்து அணைத்துக்கொண்டு உறங்குதலோ கூடாது. மூச்சுத் திணறும் ஆபத்து அதில் உண்டு.

நான்கு உயர்ந்த பைகளை ஒருங்கே வாங்குதல் எல்லாக் குடும்பங்களுக்கும் இயலாது. காரிலேயே முகாம் வரை செல்வோருக்கு எடை ஒரு பொருட்டன்று. ஆதலால் வீட்டுக் கட்டிலில் பயன்படுத்தும் பஞ்சுப் போர்வையை நடுத்தரமான பையின்மீது விரித்துக்கொள்ளலாம். ஒரு பைக்குள் மற்றொன்றை இட்டும் பயன்படுத்தலாம். உட்பை நசுங்காதபடி வெளிப்பை அகன்றதாக இருக்க வேண்டும். முகாம் உபகரணங்களை வாடகைக்குத் தரும் கடைகளும் உண்டு. வாங்குவதற்குரிய பணம் ஒரு பைக்கே போதும் எனில், அது பாட்டிக்கு உரியதாகட்டும்.

தூவியா, செயற்கை இழையா?

உறக்கப் பையின் உள்ளீடு இருவகைப்படும். வாத்தின் நெஞ்சுப் பகுதியில் இறகுக்கு அடியில் வளரும் மென்மையான தூவி ஒன்று. பொலியெஸ்டர் இழை மற்றொன்று. தூவியின் அருமை தமிழருக்குப் புதிதன்று. வாடைக் காலத்தைப் பாடும் நெடுநல்வாடையில், அரசியின் கட்டிலில் அன்னத்தின் தூவியாலான அணை இடம்பெறுகிறது.

தூவி எடை குறைந்தது, சிறிதாகச் சுருங்கும், நன்கு பேணினால் பல ஆண்டுகள் உழைக்கும். அதன் தரத்தைக் கடைகளில் ‘ஃபில் பவர்’ என்னும் எண்ணால் குறிப்பர். 600ஐவிட 800 உயர்ந்தது. அதே எடையில் கூடுதலாக உப்பி, கூடுதலான காற்றைச் சிறைப்படுத்தும். ஆயினும் பையினுள் எவ்வளவு தூவி இடப்பட்டுள்ளது என்பதையும் சேர்த்துப் பார்த்தாலன்றி இவ்வெண் மட்டும் வெப்பத்தைக் கூறாது. நனைந்தால் தூவி ஒன்றோடொன்று ஒட்டிச் சுருண்டு காப்பை இழந்துவிடும். உலர்வதற்கும் நெடுநேரம் ஆகும். செயற்கை இழை எடையும் பருமனும் மிகுந்தது. ஆனால் விலை குறைந்தது, ஈரத்திலும் ஓரளவு காக்கும், எளிதில் துவைத்து உலர்த்தலாம். முதுகில் சுமந்து நெடுந்தொலைவு நடப்போருக்குத் தூவி பயன்தரும். காரில் செல்லும் குடும்பத்துக்குச் செயற்கை இழையே பெரும்பாலும் போதுமானது.

எதுவாயினும், வீட்டில் வைக்கும்போது சிறிய உறைக்குள் இறுக்கித் திணித்து வைக்கலாகாது. மாதக்கணக்கில் நசுங்கிக் கிடந்த உள்ளீடு மீண்டும் முழுமையாக உப்பாது. அகன்ற துணிப்பையில் தளர்வாக இட்டோ, அலுமாரியில் தொங்கவிட்டோ வைத்தல் வேண்டும்.

தரையிலிருந்து வரும் குளிர்

சிறந்த பை வாங்கியும் இரவெல்லாம் நடுங்கியவர்களின் குறை பெரும்பாலும் கீழே விரித்த பாயில் இருக்கும். உடலின் எடையால் பையின் அடிப்பகுதி நசுங்கிவிடுவதால், அங்கே காப்பு மிகக் குறைவு. குளிர்ந்த தரை உடலின் வெப்பத்தை இடைவிடாது ஈர்த்துக்கொள்ளும். அதனைத் தடுப்பது பாயின் வேலை.

பாயின் காப்புத்திறன் ‘ஆர்’ மதிப்பு என்னும் எண்ணால் குறிக்கப்படும். எண் உயர உயரக் காப்பு மிகும். கோடைக்கு 2 அளவில் போதும். உறைபனி விழும் இரவுக்கு 4 அல்லது அதற்கு மேல் தேவை. இரு பாய்களை ஒன்றன்மேல் ஒன்று விரித்தால், அவற்றின் மதிப்புகளும் கூடும். குடும்பங்கள் விரும்பி எடுத்துச் செல்லும், காற்றடைத்த பெரிய இரட்டை மெத்தை குளிர்காலத்துக்கு உகந்ததன்று. உள்ளே காப்பு ஏதுமின்றி வெறுங்காற்று மட்டும் இருப்பதால், அக்காற்று குளிர்ந்து சுழன்று உடலையும் குளிர்விக்கும். அதையே பயன்படுத்த நேர்ந்தால், மெத்தைக்கும் பைக்கும் இடையே தடித்த நுரைப்பாயையோ கம்பளியையோ கட்டாயம் விரிக்க வேண்டும்.

படுக்கும் முன் பகலில் வியர்த்த உடையைக் களைந்து உலர்ந்த உடையும், கம்பளித் தொப்பியும், உலர்ந்த காலுறையும் அணிய வேண்டும். உடல் சூடாக இருக்கும்போதே பைக்குள் நுழைதல் நன்று. சற்று நடந்தும், சூடான பானம் அருந்தியும் படுக்கலாம். மூச்சின் ஈரம் உள்ளீட்டை நனைக்குமாதலால் முகத்தைப் பைக்குள் புதைத்துக்கொள்ளலாகாது. வெந்நீர்ப் பை வைத்துக்கொள்வோர், கொதிநீரைத் தவிர்த்து, துணியில் சுற்றி வைக்க வேண்டும். நீரிழிவினால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் அதனைக் காலருகே வைத்தல் ஆகாது. சுடுவது தெரியாமலே புண் உண்டாகும்.

வாங்குபவரின் உரிமை

2011ஆம் ஆண்டு சனவரி முதல் நடைமுறையில் உள்ள அவுஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்தின்படி, கடையில் வாங்கும் பொருள் ஏற்கத்தக்க தரமுடையதாகவும், அதைப் பற்றிக் கூறப்பட்ட விவரத்துக்கு ஒத்ததாகவும், வாங்குபவர் முன்கூட்டியே தெரிவித்த நோக்கத்துக்குப் பொருத்தமானதாகவும் இருக்க வேண்டும். இம்மூன்றாவது உரிமையைப் பெரும்பாலோர் பயன்படுத்துவதில்லை. “யூலை மாதத்தில் நீலமலைகளில் தங்கப் போகிறோம்; இது அறுபத்தெட்டு வயதான அம்மாவுக்கு; இரவு 0 பாகைக்கு இறங்கலாம்; இதற்கு எந்தப் பை ஏற்றது?” என்று விற்பனையாளரிடம் கேட்டு, அவர் தரும் பரிந்துரையைப் பற்றுச்சீட்டிலோ மின்னஞ்சலிலோ எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தப் பரிந்துரையை நம்பி வாங்கிய பை அந்நோக்கத்துக்கு ஏற்றதன்று என்று பின்னர் தெரியவந்தால், பரிகாரம் கோருவதற்கு அது சான்றாகும். பணம் திருப்பித் தரப்படமாட்டாது என்று கடையில் எழுதித் தொங்கவிடப்பட்ட பலகை இவ்வுரிமையை அகற்றாது.

எனினும், வாங்கியபின் மனம் மாறினால் திருப்பிக் கொடுக்கும் உரிமையைச் சட்டம் தரவில்லை; அது கடையின் விருப்பம். தனியாரிடம் பழைய பையாக வாங்குவோருக்கும் தர உத்தரவாதம் பொருந்தாது. கடையுடன் பேசியும் தீராத முறைப்பாட்டை நியூ சவுத் வேல்ஸ் நியாய வர்த்தகத் திணைக்களத்திடம் 13 32 20 என்ற இலக்கத்தில் தெரிவிக்கலாம். ஆங்கிலத்தில் பேசத் தயங்குவோர் 131 450 என்ற இலக்கத்தில் தேசிய உரைபெயர்ப்புச் சேவையை அழைத்துத் தமிழ் உரைபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.

கூடாரத்தினுள் எரியும் பொருள் எதுவும் கூடாது

கரி, விறகு, எரிவாயு, மண்ணெண்ணெய் ஆகிய எது எரிந்தாலும் கார்பன் மொனொக்சைட்டு என்னும் வாயு உண்டாகலாம். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் பிராணவாயு சேர வேண்டிய இடத்தை அது பற்றிக்கொள்ளும். உறங்குபவர் உறக்கத்திலேயே உயிரிழப்பர். தணல் அணைந்ததுபோல் தோன்றும் கரியடுப்பும் அந்த வாயுவை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். கூடாரத்தின் வாயிலைச் சற்றுத் திறந்து வைத்தால் போதும் என்ற எண்ணமும் பிழையானது. சமையல் அடுப்பு, கரியடுப்பு, எரிவாயு வெப்பமூட்டி, எரிவாயு விளக்கு ஆகிய எவையும் கூடாரத்தினுள்ளோ அதன் முன்றிலிலோ இருத்தல் கூடாது.

தலைவலி, தலைசுற்றல், குமட்டல், மிகுந்த சோர்வு ஆகியன ஒரே கூடாரத்தில் பலருக்கு ஒருசேர ஏற்பட்டால், உடனே அனைவரையும் வெளியே கொண்டுவந்து 000ஐ அழைக்க வேண்டும்.

குளிரால் உடலின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே இறங்குவதும் அவசர நிலையே. கடும் நடுக்கம், நாக்குழறல், தடுமாற்றம், மனக்குழப்பம் ஆகியன அதன் அறிகுறிகள். நடுங்கியவர் சூடேறாமலே நடுக்கம் ஓய்ந்தால் நிலை மோசமாகிறது என்று கொள்க. 000ஐ அழைத்து, ஈர உடையை அகற்றி, உலர்ந்த போர்வையால் போர்த்தி, தெளிந்த உணர்வுடன் இருந்தால் சூடான இனிப்புப் பானம் கொடுக்கலாம். மது கொடுத்தலும் கைகால்களைத் தேய்த்தலும் ஆகா. பள்ளத்தாக்குகளில் கைத்தொலைபேசித் தொடர்பு கிடைக்காத இடங்கள் பல உண்டு. ஆதலால் செல்லும் இடத்தையும் திரும்பும் நாளையும் உறவினர் ஒருவரிடம் சொல்லிச் செல்ல வேண்டும்.

இரவில் குளிர் தாங்காவிட்டால், வெட்கமோ தயக்கமோ இன்றிக் கூடாரத்தை அப்படியே விட்டுவிட்டு வீடு திரும்பலாம். அருகிலுள்ள ஊரில் அறை எடுத்துத் தங்கலாம். முகாம் மறு ஆண்டும் இருக்கும்.

பையின் மேல் அச்சிட்ட எண்ணைக் காணும்போதெல்லாம், இது யாரை அளந்து எழுதப்பட்டது, இதற்குள் யார் படுக்கப் போகிறார் என்ற இரு கேள்விகளையும் கேட்டுப் பார்ப்பது போதும். அவ்வாறு கேட்டு வாங்கிய குடும்பத்தில் நள்ளிரவில் அடுப்பைத் தேடி எழ வேண்டிய தேவை எவருக்கும் இராது; பாட்டியும் பேத்தியும் விடியும்வரை உறங்குவர்.